மாடி வீட்டின் சூட்சுமங்கள்

எங்கள் வீட்டில் எதுவும் கெட்டுப்போகாது. குழாய் பழுதாகாது, கதவு சிக்காது, சுவிட்ச் மக்கர் பண்ணாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன சூட்சுமம் வந்து சேரும், அவ்வளவுதான். சூட்சுமம் என்பது என் வீட்டுக்காரரின் சொல். மாடிக் கதவில் சாவியைப் போட்டதும் கதவை நம் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். பால்கனிக் கதவை லேசாகத் தூக்கி, இடுப்பால் ஒரு இடி. குளியலறையில் நீலக் குமிழைத் திறந்தால் வெந்நீர் வரும், சிவப்பில் பச்சைத் தண்ணீர். கூடத்து விளக்கு ஃபேன் சுவிட்சில் எரியும். அப்படியானால் ஃபேன் சுவிட்ச் எங்கே என்று கேட்பீர்கள். அது படுக்கையறையில், கட்டிலுக்குப் பின்னால் இருக்கிறது.

இவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நின்றுபோன வண்டியைக் கையில் கிடைத்ததை வைத்து ஓட்டிக் காட்டுவதில் கெட்டிக்காரர். வண்டி ஓடினால் போதும், எப்படி ஓடுகிறது என்று யாரும் கேட்கக் கூடாது. அதே கொள்கையைத்தான் வீட்டுக்கும் கொண்டுவந்தார். ஒரு திருகாணியைக்கூட வேறு ஆள் தொட விடமாட்டார்.

நான் நகரத்தின் பெரிய ஹோட்டல் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தேன். வாசலில் நின்றபடியே தலையணையில் கிடக்கும் ஒற்றை முடியைக் கண்டுபிடிப்பேன். அங்கே வேலை பார்த்த பெண்கள் எனக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வைத்தார்கள். ஹோட்டலை யாரோ வாங்கி அலுவலகமாக மாற்றப் போகிறோம் என்றார்கள், எங்களை எல்லாம் ஒரே கூட்டத்தில் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள்.

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் எனக்கு ஒரு இடம் இருந்தது. யோசித்துச் சொல்லுங்கள், கொஞ்ச நாள் காத்திருக்கிறோம் என்றார்கள். அழுக்குத் துணி எனக்குப் புதிதில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க யாரோ ஒருவரின் இடத்தை என் இடம் போலப் பார்த்துக்கொண்டு, அவர் போகச் சொன்னதும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நான். இனி ஒரு தடவையாவது என் பொறுப்பில் ஒரு இடம் வேண்டும் என்று இருந்தது. மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து மாடி சும்மாதான் கிடந்தது. எங்கள் ஊருக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. மாடியை நாள் கணக்கில் வாடகைக்கு விடலாம் என்று நான் சொன்னபோது, இவர் எதிர்க்கவில்லை. வருகிறவர்களுக்குச் சூட்சுமங்களைச் சொல்லிக்கொடுக்கலாமே என்று சந்தோஷமே பட்டார்.

அதற்கு நகராட்சியில் உரிமம் வாங்க வேண்டும். குறுகிய கால விருந்தினர் தங்குமிட நடத்துநர் உரிமம் என்று அதற்குப் பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் விருந்தினர் ஊர் திரும்பிவிடுவார். விண்ணப்பத்தை நிரப்பியது நான், தீயணைப்பான், புகை எச்சரிக்கைக் கருவி, முதலுதவிப் பெட்டி எல்லாவற்றையும் வாங்கியது நான். கவுன்டரில் இருந்தவர் வீடு யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார். இவர் பேரில் என்றேன். அப்படியானால் பொறுப்பாளரும் அவரே என்று எழுதிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. இவர் என் பக்கத்தில் நின்று, கவுன்டரின் ஆடும் பலகையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

நேரில் வந்து பார்ப்பார்கள் என்றும், தேறாவிட்டால் இன்னும் ஒரே ஒரு தடவை வருவார்கள் என்றும், அதிலும் தேறாவிட்டால் ஒரு வருடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். சலவைப் பிரிவு ஒரு வருடம் காத்திருக்காது.

சூட்சுமங்களுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். இவர் அதற்குத் தயாராக இருந்தார். உட்கார்ந்து துண்டுச் சீட்டுகள் எழுதி, வீடு முழுக்க ஒட்டினார். ‘இழுத்துத் திருப்பவும்.’ ‘தூக்கி இடிக்கவும்.’ ‘நீலம் சூடு, ஜாக்கிரதை.’ குளியலறைக் கதவின் உள்பக்கம் நாலு வரியில் ஒரு பெரிய சீட்டு. தாழ்ப்பாளைக் கொஞ்சம் மேலே தூக்கி, அடியில் முஷ்டியால் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, உடனே பின்னுக்கு இழுக்க வேண்டும். ‘செல்லமாக’ என்பதற்கு அடிக்கோடு போட்டிருந்தார்.

மகளிடம் போனில் சொன்னேன். அவள் வெகுநேரம் சிரித்தாள். “அம்மா, என் ஃபிரெண்ட்ஸ் யாருமே நம்ம வீட்டு பாத்ரூமுக்குப் போனதில்ல. கவனிச்சிருக்கியா? எல்லாரும் அடக்கிட்டு வீட்டுக்கு ஓடிடுவாளுங்க” என்றாள். அந்தப் பிள்ளைகள் கூச்ச சுபாவம் என்றுதான் நான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

பார்வையிட வந்த அதிகாரி ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும். தோளில் ஒரு பை, கையில் ஒரு சக்கரப் பெட்டி. பெட்டி எதற்கு என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தன் முறையைச் சொன்னார்.

“நான் இப்போ அதிகாரி இல்ல. பஸ்ஸுல வந்து இறங்கின விருந்தாளி. நீங்க ரெண்டு பேரும் ஊர்லயே இல்ல. சாவியை மட்டும் குடுங்க. நான் கூப்பிடுற வரைக்கும் மேல வரக் கூடாது.” நடுவில் மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்பேன், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

நாங்கள் கீழே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டோம். பெட்டி படியில் இடித்து இடித்து ஏறியது. சாவி கரகரத்தது. கரகரத்துக்கொண்டே இருந்தது. இவர் நேரடி வர்ணனையை ஆரம்பித்தார். “இழுக்கணும். இழுத்துப் பிடிக்கணும். சீட்டைப் பாரும்மா, கண்ணுக்கு நேராதானே ஒட்டியிருக்கு.” கதவு திறந்ததும் தான் பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறியது மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தொடர்ந்து ஒரு சின்ன அலறல். “நீலம்” என்று இவர் தலையில் கை வைத்தார்.

அடுத்து மின்சாரம் போனது. மாடி மெயினைத்தான் அவர் நிறுத்தினார், ஆனால் கீழே எங்கள் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேனும் நின்றது. நான் இவரைப் பார்த்தேன். இவர் ஜன்னலைப் பார்த்தார்.

அதன் பிறகு சத்தமே இல்லை. பின்பு எங்கோ ஒரு தட்டல். கொஞ்சம் பலமாக இன்னொரு தட்டல். செல்லமான தட்டல் இல்லை என்பது எனக்குக் கீழிருந்தே புரிந்தது. “யாராவது இருக்கீங்களா?” என்று குரல் வந்தது. நான் எழுந்துவிட்டேன். இவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“நாம ஊர்ல இல்லன்னு சொன்னாங்களே” என்றார், குசுகுசுவென்று.

நான் கையை உதறிக்கொண்டு மாடிக்கு ஓட, இவரும் பின்னாலேயே ஓடி வந்தார். மின்சாரம் இல்லாதபோது எப்படி என்று பார்க்க, அவர் குளியலறைக்குள் போய்த் தாழிட்டிருந்தார். எங்கள் மாடிக் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. விளக்கு இல்லாத அந்தக் கும்மிருட்டில் நாலு வரிச் சீட்டை யார் படிப்பது? இவர் கதவுக்கு வெளியே நின்று பாடம் எடுக்கத் தொடங்கினார். கொஞ்சம் மேலே என்றார், அவ்வளவு மேலே வேண்டாம் என்றார், இப்போது அடியில் தட்டுங்கள், கோபமாகத் தட்டினால் திறக்காது என்றார். நான் வெட்கத்தில் சுவரோடு சுவராக நின்றேன். ஒருவழியாகக் கதவு திறந்தபோது அதிகாரியின் ஒரு கை சிவந்திருந்தது, தலை கலைந்திருந்தது. ஆனால் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“இந்தக் கதவு எவ்வளவு நாளா இப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“இது கெட்டுப்போனதே இல்ல மேடம்” என்றார் இவர். பெருமையாகத்தான் சொன்னார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “நீங்க ஹோட்டல்ல சூப்பர்வைசரா இருந்ததா விண்ணப்பத்துல எழுதியிருந்தீங்க. உங்க தளத்துல ஒரு அறை இப்படி இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

பூட்டிவிட்டு, யாருக்கும் தரக் கூடாது என்று எழுதியிருப்பேன். அதைத்தான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அதையே எழுதிக்கொண்டு போனார். மறுபடி வரும் தேதியை இவரிடம் கொடுத்தார், பொறுப்பாளர் இவர்தானே.

அன்று மாலை இவர் அந்த அம்மாளுக்காக வருத்தப்பட்டார். பதற்றப்பட்டுவிட்டார்கள், நிதானமாகத் தட்டியிருந்தால் திறந்திருக்கும் என்றார். அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்தது. நான் சாதாரணமாகக் கத்துகிறவள் இல்லை. அன்றும் கத்தவில்லை.

“நீங்க கதவைச் சரி பண்ணவே இல்லங்க” என்றேன். “கதவுக்குத் தகுந்த மாதிரி என்னைச் சரி பண்ணியிருக்கீங்க.”

  இவருக்குக் கோபம் வந்தால் துரு எடுப்பார். மறுநாளிலிருந்து வாசல் கேட்டை உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே இருந்தார். சொன்னது ரொம்ப அதிகமோ என்று எனக்கு உறுத்தியது. ஆனால் தவறு என்று ஒரு நிமிஷமும் தோன்றவில்லை. அதைவிடப் பெரிய உறுத்தல் எனக்கு என் மேலேயே இருந்தது. ஊரான் அறையில் ஒற்றை முடியைக் கண்டுபிடிக்கிறவள், என் வீட்டில் இத்தனை வருடம் எதைப் பார்த்தேன்? துணி உலர்த்தப் போகும்போது பால்கனிக் கதவைத் தினமும் இடித்திருக்கிறேன். என் இடுப்புக்குத் தெரிந்த விஷயம் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

கேட்டில் தேய்க்கத் துரு தீர்ந்த அன்று இவர் உள்ளே வந்தார். ஆளைக் கூப்பிட்டே செய்துவிடலாம், எதை எதை மாற்ற வேண்டும் என்று நீயே சொல் என்றார். இருவரும் மாடிக்குப் போனோம். கதவை இழுத்துத் திருப்பினோம், விளக்கைப் போட்டோம், பால்கனியைத் திறந்தோம். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. அதுதான் பிரச்சினை. எங்கள் கை, கால், இடுப்பு எல்லாம் அந்தந்த இடத்தில் தானாகவே வேலையைச் செய்துவிட்டன. எது கோளாறு என்று எங்களுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் ஹோட்டலில் நாங்கள் செய்கிற ஒரு வேலை நினைவுக்கு வந்தது. ஒரு தளத்தைப் புதுப்பித்துத் திறப்பதற்கு முன்னால், வலது கையில் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு அறைக்குள்ளும் போக வேண்டும். எல்லாவற்றையும் இடது கையால் செய்து பார்க்க வேண்டும். வருகிறவர் வலது கையில் குழந்தையையோ பெட்டியையோ வைத்திருப்பார் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். வலது கை வீட்டுக்காரன், இடது கை விருந்தாளி என்பார் எங்கள் மேலாளர்.

இவர் கையில் துண்டைக் கட்டினேன். முடிச்சைக் கொஞ்சம் இறுக்கமாகத்தான் போட்டேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன், மின்சாரம் போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எங்கெல்லாம் தடுமாறுகிறாரோ அங்கெல்லாம் ஒட்டுவதற்குச் சிவப்பு டேப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். இவர் வாசல் கதவிலேயே மூச்சு வாங்கினார். இழுத்துப் பிடிக்க ஒரு கை, திருப்ப ஒரு கை வேண்டும். இருப்பது ஒன்றுதான். விளக்குக்காகச் சுவரைத் தடவித் தடவி அழைப்பு மணியை அடித்தார். குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். நான் வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பழைய வாரப் பத்திரிகையைப் பிரித்தேன்.

முதலில் உள்ளே நிதானமாகத் தட்டும் சத்தம். பிறகு அவ்வளவு நிதானமில்லாத சத்தம். பிறகு, “ஏம்மா.”

நான் பக்கத்தைப் புரட்டினேன்.

“ஏம்மா, இருக்கியா?”

“ஊர்ல இல்ல” என்றேன்.

 கண்ணைத் திறந்துகொண்டு வலது கையால் திறந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. இந்த விஷயத்தில் இவரைக் குறை சொல்ல முடியாது, விளையாட்டில் ஏமாற்றத் தெரியாத மனிதர். கதவுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து நின்று, வேறு ஒரு குரலில் கேட்டார். “நம்ம பொண்ணு ஒருநாள் உள்ள மாட்டிக்கிட்டு அழுதாளே. அன்னிக்கு நான் அவளுக்குத் தட்டத்தானே சொல்லிக்குடுத்தேன்?”

ஆமாம் என்றேன். எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நானும்தான் கைதட்டி அவளைப் பாராட்டினேன்.

துண்டை அவிழ்த்துக்கொண்டு இவர் வெளியே வந்தார், அடுத்து என் முறை. என் கையில் துண்டைக் கட்டினார், என்னைவிட லேசாக. நான் பால்கனிக் கதவில் தோற்றேன், குழாயில் கையைச் சுட்டுக்கொண்டேன். அன்று இருட்டுவதற்குள் மாடி முழுக்கச் சிவப்பு டேப் பளபளத்தது.

தச்சரும் மின் பணியாளரும் வந்தார்கள். இவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் தானே கழற்றிக் கொடுத்தார். தாழ்ப்பாளுக்குள்ளிருந்து என் கரண்டி ஒன்றின் காம்பு வந்தது. கதவுக் கீலுக்கு அடியில் மகளின் ரப்பர்ச் செருப்பு வட்டமாக வெட்டி வைக்கப்பட்டிருந்தது. தச்சர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் செருப்பை மகள் போட்டிருந்த காலத்தில் தச்சரைக் கூப்பிட எங்களிடம் வழியில்லை. வேலை முடிந்து கிரீஸ் நாற்றத்தோடு வந்து, ராப்பகலாக இந்தக் கதவோடு மல்லுக்கட்டியவர் இவர். அதை நான் மறந்துவிட்டுப் பேசினேனோ என்று இருந்தது. கரண்டிக் காம்பை இவரிடமே கொடுத்தேன். குப்பையில் போடலாமா என்று என்னைக் கேட்டுவிட்டுப் போட்டார்.

இரண்டாவது தடவை அதிகாரி அதே பெட்டியோடு வந்தார். அதே மேசையில் நாங்கள் உட்கார்ந்தோம். சாவி ஒரே திருப்பில் திரும்பியது. தண்ணீர்ச் சத்தம் வந்தது, அலறல் வரவில்லை. மின்சாரம் போனது, எங்கள் ஃபேன் தன் பாட்டுக்கு ஓடியது. வர்ணனை செய்ய எதுவும் இல்லாததால் இவர் மேசையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.  நாளைக் காலை நான் சலவைப் பிரிவுக்குப் போன் செய்து வருகிறேன் என்பேனா, வரவில்லை என்பேனா என்பது அந்த அம்மாள் படியிறங்கும் சத்தத்தில்தான் இருந்தது.

அவர் இறங்கி வந்து, மேசையில் எங்களோடு உட்கார்ந்தார். வீடு சரியாக இருக்கிறது என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதால் எனக்குப் புரியவே ஒரு கணம் பிடித்தது. ஆனால் அவர் பேனாவை மூடவில்லை.

ஒரு கேள்வி பாக்கி என்றார். கதவு இன்றைக்குச் சரியாக இருக்கிறது, இன்னும் ஆறு மாதத்தில் மறுபடி சிக்கும், எல்லாக் கதவும் சிக்கும். அப்போது இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று பொறுப்பாளர் சொல்ல வேண்டும் என்றார். கேள்வி இவரைப் பார்த்துத்தான். எனக்குப் பகீரென்றது. இவர் வாயிலிருந்து சூட்சுமம் என்ற சொல் வந்தால் கதை அங்கேயே முடிந்தது.

இவர் தொண்டையைச் செருமினார்.

“பொறுப்பாளர் பேரை மாத்தலாமா மேடம்?”

மாற்றலாம், வீட்டு உரிமையாளர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் அதிகாரி.

“அப்போ இவங்க பேரைப் போட்டுக்கோங்க. வீடு என் பேர்ல இருக்கு, அது இருந்துட்டுப் போகட்டும். ஏதாவது சிக்கினா இவங்க சொல்லுவாங்க, நான் பார்ப்பேன். என்னால ஆகலன்னா ஆளைக் கூப்பிடுவேன்.” நிறுத்திவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னார்: “இவங்க சரியாயிடுச்சுன்னு சொல்ற வரைக்கும் அது சரியாகல.”

அதிகாரி எழுதினார். என் பக்கம் காகிதத்தைத் திருப்பினார். ஹோட்டலில் எத்தனையோ ஆயிரம் அறைகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதில் ஒன்றுகூட என் வீட்டு அறை இல்லை. என் கையெழுத்துக்குக் கீழே இவர் தன்னுடையதைப் போட்டார்.

அவரை வாசல் வரை அனுப்பிவிட்டு வந்தோம். இவர் நாற்காலியில் சாய்ந்து, வேலை முடிந்த திருப்தியில் காலை நீட்டினார். நான் உட்காரவில்லை.

“கீழ் வீட்டுல, சமையலறைக் குழாய்” என்றேன்.

அதற்கு என்ன, அது நன்றாகத்தானே, என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். நீட்டிய காலை மடக்கினார். எழுந்து என்னோடு சமையலறைக்கு வந்தார். குழாயைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“என்ன பிரச்சினை? சொல்லும்மா” என்றார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை இவர் என்னிடம் கேட்டதில்லை.  குழாயிலிருந்து தொடங்கினேன். சொல்ல நிறைய இருந்தது. இவர் நடுவில் ஒரு வார்த்தை பேசாமல், கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.